அப்பாவின் இரண்டாவது ஷிப்ட்

என் அப்பாவுக்கு மில்லைவிட வீடுதான் அதிக அசதியைக் கொடுத்தது. அவர் வேலையில் இருந்த காலம் முழுக்க எங்களுக்கு இது விளங்கவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிற மனுசன் களைப்பாகத்தானே இருப்பார் என்று இருந்துவிட்டோம். அந்தக் களைப்புக்கு மில்தான் காரணம். ஆனால் அது வந்த வழி வேறு.

கான்சாபுரம் மலையடிவாரத்து ஊர். மேற்கே திரும்பினால் மலை, மற்ற பக்கமெல்லாம் வயலும் தென்னந்தோப்பும். பிளவக்கல் அணையில் தண்ணீர் இருக்கிற வருசம் நிலம் உள்ளவர்களுக்கு நெல் வரும். தோப்பு உள்ளவர்களுக்குத் தேங்காய். இரண்டும் இல்லாதவர்களுக்கு ராஜபாளையத்து மில். பி.ஏ.சி. ராமசாமி ராஜா அங்கே நூற்பாலை தொடங்கியது 1936-இல். அதற்குப் பிறகு ஊரைச் சுற்றி ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுற்றுப்பட்டியில் மில்லுக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் பஸ் மாறி அப்பா வேலைக்குப் போவார். எந்த மில் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அவர் கெட்டது ஒரு முதலாளியின் கொடுமையால் அல்ல, இயந்திரத்தின் சத்தத்தால். அந்தச் சத்தம் அந்தக் காலத்து ஆலைகள் எல்லாவற்றுக்கும் பொது.

அவர் ரிங் பிரேம் சைடர். வரிசையாக நிற்கிற பிரேம்களுக்கு நடுவே ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே இழை அறுந்தாலும் உடனே பிடித்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கதிரும் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். அப்படி நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரு பிரேமில், அப்படிப் பல பிரேம்கள் ஒரு கூடத்தில். ரிங் பிரேம் கூடத்தில் சத்தம் 90 டெசிபெல்லைத் தொட்டு நிற்கும். நாடா ஓடுகிற தறிக்கூடம் அதையும் தாண்டும். பஞ்சுக்குப் பஞ்சமில்லாத இடமாகையால் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். காய்ந்த பஞ்சு சத்தத்தை எதுவும் செய்துவிடாது என்பதை அவர்களுக்கு அன்று சொல்ல ஆளில்லை.

அந்தக் கூடத்துக்குள் யாரும் பேசுவதில்லை. பேசினால் கேட்காது. கையைக் காட்டுவார்கள், புருவத்தை உயர்த்துவார்கள், உதட்டை அகலமாக அசைப்பார்கள். மேஸ்திரி வருகிறார் என்பதற்கு ஒரு சாடை, டீக்கு ஒரு சாடை, லீவு கேட்டாயா என்பதற்கு ஒரு சாடை. இங்கிலாந்தின் லங்காஷயரில் தறிக்கூடங்கள் ஓடிய காலத்தில் அங்கிருந்த நெசவுப் பெண்களும் உதட்டசைவிலேயே ஊர்க்கதை முழுவதும் பேசினார்களாம். படித்தபோது எனக்கு அப்பாவின் கூட்டாளிகள்தான் கண்ணில் வந்தார்கள். பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தால்கூட அவர்கள் சாடையில் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். அப்பா அவர்களோடு இருக்கும்போது மட்டும் ஒரு நாளும் தலைவலி என்று சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு ஆள். சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் துண்டை எடுத்து நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு திண்ணையில் சாய்ந்துவிடுவார். "மண்டையிடிக்குது தாயி, அங்கிட்டுப் போய் விளையாடு." அம்மா சுக்கை உரசிப் பத்துப் போடுவாள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைப்பாள். பித்தம் என்று ஒரு கிழவி சொன்னாள், நைட் ஷிப்டில் கண் முழிக்கிற சூடு என்று இன்னொருத்தி. எண்ணெய்க் குளியல் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வாங்கினார். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், சைனஸ் என்று படம் எடுத்தார்கள். தலையில் இருக்கிற எல்லாவற்றையும் பார்த்தவர்கள் காதை மட்டும் பார்க்கவில்லை. அவரும் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குத்தான் கேட்கிறதே.

அதுதான் இந்தக் குறையின் தந்திரம். உள்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்புக்குள் சத்தத்தை நரம்புக்கு மாற்றுகிற மயிர்செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்கு உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. ஓயாத இரைச்சலில் முதலில் அழிவது வெளிவரிசைகள்தான், அதிலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற மேல்ஸ்தாயிப் பகுதி. தாழ்ந்த ஒலியைப் பிடிக்கிற பகுதி நன்றாகவே இருக்கும். பேச்சில் உயிரெழுத்துகளின் கனம் தாழ்ந்த ஒலியில் இருக்கிறது. வார்த்தையை வார்த்தையாக்குகிற ச, த, க, ப போன்றவற்றின் சீறலும் வெடிப்பும் மேலே இருக்கின்றன. அதனால் அம்மா 'காசு' என்றாலும் 'காது' என்றாலும் அப்பாவுக்கு எட்டியது 'ஆ'வும் 'உ'வும்தான். குரல் கேட்கும், யார் பேசுகிறார்கள் என்பதும் தெரியும், என்ன பேசினார்கள் என்பது மட்டும் முழுதாக வராது. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் ஆண் குரலைவிட அதிகம் தப்பும். வீட்டில் இருந்ததெல்லாம் அம்மா, பாட்டி, நான், என் தங்கை.

அப்படியானால் அவர் எப்படிப் பதில் சொன்னார்? ஊகித்துத்தான். வந்து சேர்ந்த துண்டுகளை வைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து, கையில் என்ன வைத்திருக்கிறாள், என்ன நேரம், நேற்று என்ன பேச்சு ஓடியது என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரு வாக்கியத்தை மண்டைக்குள் கட்ட வேண்டும். கட்டி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். அதைத் தவறவிடாமல் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு, முந்தியதைச் சரிபார்க்க வேண்டும். பாதி அழிந்த கடிதத்தை ஒருவர் வேகமாகப் படித்துக்காட்டச் சொல்லிக் கையில் திணித்துக்கொண்டே இருப்பது போன்ற வேலை அது. காது நன்றாக இருக்கிறவர்களுக்குப் பேச்சு தானாக உள்ளே போகிறது. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் உழைத்து எடுத்த சொல். மில்லில் அந்த வேலை இல்லை, அங்கே எல்லோருக்கும் சாடைதான். வீட்டுவாசல் மிதித்தவுடன் தொடங்கியது அந்த இரண்டாவது ஷிப்ட். அதற்குச் சங்கு கிடையாது.

தலைவலியும் அந்த உழைப்போடு சேர்ந்தே வந்தது. அவர் பேச்சைக் கேட்கிற விதத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வலது காது கொஞ்சம் மேல், அதனால் கழுத்தை எப்போதும் ஒரு பக்கம் திருப்பி வைத்திருப்பார். உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும். புருவம் சுருங்கி, கண் எதிராளியின் உதட்டிலேயே இருக்கும். தாடையைக் கடித்துக்கொள்வார். மணிக்கணக்கில் கழுத்தும் நெற்றியும் தாடையும் இப்படி இறுகி இருந்தால், தலையைச் சுற்றிப் பட்டை போட்டு அழுத்துகிற வலி யாருக்கும் வரும். அவர் துண்டை இறுக்கிக் கட்டிய இடமும் அதே இடம்தான்.

அப்பாவைப் பற்றி ஊரில் உருவான பெயர் வேறு மாதிரி. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர், நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒட்டமாட்டார். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் தேர் வடம் பிடிக்கிற கூட்டத்தில் அவருக்கு உற்சாகம்தான், அங்கே யாரும் அவரிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. அதன் பிறகு உறவுக்காரர் வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினால் அரைமணி நேரத்தில் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். ரேடியோ செட் அலறுகிற கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். மயிர்செல் அழிந்த காதுக்குப் பல சத்தங்களிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்கிற கூர்மையும் போய்விடுகிறது. கூட்டத்தில் நாலு பேர் பேசினால் நாலும் கலந்து ஒரே இரைச்சல். மாமா ஒருவர் என் எதிரிலேயே சொன்னார்: "ஒங்கப்பனுக்கு நம்ம ஆளுகன்னாலே எளக்காரம்." என் அம்மா அன்றைக்கு அழுதாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது, வீட்டுச் சண்டைகளில் பாதி அதனால்தான். "சத்தமாப் பேசேன்" என்பார். அம்மா சத்தமாகப் பேசியதும் "எதுக்குடி கத்துற, மண்டைக்குள்ள எறங்குது" என்பார். இரண்டும் உண்மை. இப்படிக் கெட்ட காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது. ஆனால் கொஞ்சம் கூடினாலே அது தாங்கமுடியாத சத்தமாகிவிடும். நடுவில் வசதியாகக் கேட்கிற இடம் மிகக் குறுகலானது. அம்மா அந்தக் குறுகிய இடத்தைத் தேடித்தேடித் தொண்டை கட்டினாள். அவளுக்கும் ராத்திரி தலைவலி வரும். கனடாவின் கியூபெக்கில் ரேமோன் எத்யூ என்ற ஆராய்ச்சியாளர் 1980-களில் ஆலைத் தொழிலாளிகளிடமும் அவர்கள் மனைவிமார்களிடமும் இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார். குறையை மறைக்கிற ஆண்கள், திரும்பத் திரும்பச் சொல்லியும் இடையில் நின்று மற்றவர்களுக்கு விளக்கியும் சோர்ந்துபோகிற பெண்கள். அதைப் படித்த அன்று எங்கள் வீட்டைப் பற்றி யாரோ எங்கேயோ எழுதிவைத்திருக்கிறார்கள் என்ற நிம்மதி எனக்கு வந்தது.

நான் வேலைக்கு மதுரை போன பிறகு, அப்பாவும் ஓய்வு பெற்ற பிறகுதான் காதுச் சோதனை நடந்தது. அதுவும் தலைவலிக்காகப் போன இடத்தில், ஒரு இளம் டாக்டர் அவருக்குப் பின்னால் நின்று மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. முன்னால் வந்து அதே கேள்வியை அதே அளவு சத்தத்தில் கேட்டார். பதில் வந்தது. உடனே ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார். கண்ணாடி ஜன்னல் வைத்த சிறிய அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அப்பா கையில் பட்டனைப் பிடித்திருந்தார். 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8,000 வரை. முதலில் சுறுசுறுப்பாக அமுக்கியவர் மேலே போகப்போகச் சும்மா உட்கார்ந்திருந்தார். சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்தாராம். வெளியே நின்ற எனக்கு, ஸ்பீக்கரில் அந்த உயர்ந்த கீச்சு ஒலி தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

காகிதத்தில் வந்த கோடு 4,000-இல் பள்ளமாக இறங்கியிருந்தது. டாக்டர் முதலில் கேட்டது, "எங்க வேலை பார்த்தீங்க?" அடுத்துக் கேட்டது தலைவலி மாத்திரையைப் பற்றி. ஆஸ்பிரின் சேர்ந்த மாத்திரையை அப்பா பல காலமாகப் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பிரின் அளவுக்கு மீறி உள்ளே போனால் காதிரைச்சல் வரும், கேட்கும் திறனும் தற்காலிகமாகக் குறையும். காதால் வந்த தலைவலிக்குப் போட்ட மருந்து காதையே தொடக்கூடியதாக இருந்திருக்கிறது. எல்லாத் தலைவலியும் காதால் வருவதில்லை என்பதையும் டாக்டர் அழுத்திச் சொன்னார். மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும். திடீரென்று ஒரு காது மட்டும் அடைத்துக் கேட்காமல் போனால் அது வேறு விசயம், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ஓட வேண்டும் என்றார்.

செத்த மயிர்செல் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கிறது. கோழியிலும் காடையிலும் 1988-இல் இதைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோழிக்குக் குடுத்தவன் நமக்கும் குடுத்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவர் தன் காதைப் பற்றிச் சொன்ன குறை.

எனக்குக் குறை நிறைய இருந்தது. இரைச்சலால் வருகிற காதுக்கேடு 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோயாக இருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் அது தொழில்நோயாக இருந்தது. கண்டுபிடிக்கிறவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது, பாதிப்புக்கு இழப்பீடும் இருந்தது. அப்பா வேலையில் இருந்த ஆண்டுகளில் யாரும் அவர் காதில் ஒரு கருவி வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேட்பதற்கு ஒரு காகிதமாவது இருந்திருக்கும். ஊனச் சான்றிதழுக்கும் வழியில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 டெசிபெல் இழந்தால்தான் கேள்விக் குறைபாடு உள்ளவர். அப்பாவுக்கு மேல்ஸ்தாயியில் பள்ளம், கீழ்ஸ்தாயியில் சமதளம். சராசரி போட்டால் 60-க்குக் கீழே நின்றுவிட்டது. ஆனால் அசதி சராசரி பார்த்து வருவதில்லை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ன்ஸ்பியும் அவருடன் வேலை செய்தவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. கேள்விக் குறைபாடு உள்ள பெரியவர்களின் களைப்பு, ஆடியோகிராமில் எத்தனை டெசிபெல் என்பதைப் பின்பற்றவில்லை. அன்றாடம் கேட்பதற்கு எவ்வளவு சிரமப்படுகிறோம் என்று அவர்கள் உணர்ந்த அளவைப் பின்பற்றியது. சட்டத்தை எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியை எதிரில் வைத்துக்கொண்டு எழுதினால் நல்லது.

இந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாததால்தான் யாரும் நம்புவதில்லை. உண்மையில் அது கண்ணில்தான் தெரிகிறது. மனசுக்குள் கடினமான வேலை ஓடும்போது கண்ணின் பாப்பா விரிகிறது என்பதை டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் 1966-இல் அளந்து காட்டினார்கள். எண்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால், எண் கூடக்கூடப் பாப்பா விரியும். நெதர்லாந்தில் பிற்காலத்தில் இதே அளவீட்டைக் காதுக்குக் கொண்டுவந்தார்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு வாக்கியத்தைப் பிடிக்க ஒருவர் எவ்வளவு உழைக்கிறார் என்பதைப் பாப்பாவின் அகலத்தில் படிக்கிறார்கள். அப்பா எங்களை அப்படி உற்றுப் பார்த்தபோதெல்லாம் அவர் கோபமாக இருக்கிறார் என்று நானும் தங்கையும் பயந்தோம்.

காது மிஷின் வாங்கினோம். வாங்கியதும் தலைவலி கூடியது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். பல காலமாக மூளைக்குப் போகாதிருந்த சத்தங்கள் எல்லாம் ஒரே நாளில் உள்ளே வருகின்றன. எவர்சில்வர் தட்டு, குக்கர் விசில், காகிதம் மடிக்கிற சத்தம், தன் சொந்தச் செருப்பு. "இதுக்கு மில்லே தேவலை" என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். பல வீடுகளில் மிஷின் அந்த டப்பாவிலேயே தங்கிவிடுகிறது. நாங்கள் திரும்ப மதுரைக்குக் கூட்டிப் போனோம். அங்கே மிஷினைச் சரிசெய்கிற பெண் அதன் கூர்மையைக் குறைத்துவைத்து, முதலில் காலையில் ஒரு மணி நேரம் போடுங்கள், அம்மாவோடு மட்டும் பேசுங்கள், பிறகு நேரத்தைக் கூட்டுங்கள், களைத்தால் கழற்றிவிடுங்கள் என்றார். கழற்றலாம் என்று ஒருவர் அனுமதி கொடுத்தது அப்பாவுக்குப் பெரிய விடுதலை. வாரங்கள் போகப்போகப் பழகியது. மிஷின் அவருக்குப் பழைய காதைத் தரவில்லை. கூட்டத்தில் இன்றும் அவர் திணறுகிறார். ஆனால் சாயங்காலத் துண்டுக் கட்டு அரிதாகிவிட்டது.

மிஷினைவிட வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டவை அதிகம் உதவின. அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதை அம்மா நிறுத்தினாள். எதிரே வந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நின்று, சாதாரணக் குரலில் கொஞ்சம் நிறுத்திப் பேசுகிறாள். டிவி ஓடும்போது பேச்சு கிடையாது. ஒரு தடவை சொல்லிப் புரியவில்லை என்றால் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்கிறோம். முக்கியமான பேச்சு எல்லாம் காலையில்தான், பணம், கல்யாணம், ஆஸ்பத்திரி எதுவானாலும். மதியம் சாப்பிட்ட பிறகு மிஷினைக் கழற்றிவிட்டுத் தோப்புப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பார். அப்போது யாரும் கூப்பிடுவதில்லை. 'எளக்காரம்' என்று சொன்ன மாமாவும் இப்போது எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தனியாகத்தான் பேசுகிறார்.

போன பொங்கலுக்கு ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் எங்கள் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கம் தெருத்தெருவாக மருத்துவத் துணி நெய்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணிக்குப் பெயர்போன ஊர் அது. பல தறிகள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஓடுகின்றன. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொழிற்சாலை என்று எண்ணியது. இரண்டு பேர், மூன்று பேர் ஓட்டுகிற ஷெட்டுக்குள் எந்த அதிகாரி வந்து சத்தத்தை அளப்பார்? அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து தறியில் நிற்கிறாள். காதில் ஒன்றும் கிடையாது. என்னை உட்கார வைத்துவிட்டுக் காபி போட அடுப்படிக்குப் போனவளிடம் இங்கிருந்தே ஒன்று கேட்டேன். பதில் இல்லை. காபியோடு வந்து உட்கார்ந்தவள் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு, "சாயங்காலமானா மண்டையிடிக்கு. கண்ணாடி மாத்தியும் போகல. பிள்ளைக பேசுனாக்கூட எரிச்சலா வருது" என்றாள். அவள் கண் என் உதட்டில் இருந்தது.

நாற்காலியை அவளுக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவின் கதை முழுவதையும் சொன்னேன். தறியை நிறுத்த முடியாது, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையோடு கொண்டுபோயிருந்த நுரைக் காதடைப்பான்களில் ஒரு ஜோடியை எப்படி உருட்டி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரியும்வரை பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். அவளுடைய பக்கத்துத் தறிக்காரப் பெண்ணும் வந்து ஒரு ஜோடி கேட்டாள். தை முடிந்ததும் மதுரைக்குச் சோதனைக்கு வருவதாக இரண்டு பேரும் சொல்லியிருக்கிறார்கள். கூட வர அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலே போகப்போகச் சத்தம் கேட்காவிட்டால் சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள் என்று அவர்களிடம் அவரே சொல்ல வேண்டுமாம்.